நாடாவுக்கு மஞ்சள் நீர்

கையில் வேலை இருந்தால் அதைச் செய்துகொண்டே கேளுங்கள், கண்ணுகளா. நடுவில் எழுந்துபோய் உலையைப் பார்த்துவிட்டும் வரலாம். இது அலுவலகக் கதை. அதற்குள் ஒன்றும் நடந்துவிடாது.

காரைக்குடியிலிருந்து நாச்சியாபுரம் போகிற வழியில், ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, தென்னகக் கணிப்பொறி நிலையம் என்று ஒன்று நடந்துவந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அங்கே ஒரு கணிப்பொறியும், அதைப் பார்த்துக்கொள்ள நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள். நாற்பது பேர் நிரந்தரம். ஒருத்தி தற்காலிகம். கணிப்பொறியை ஓட்டத் தெரிந்தவள் அந்த ஒருத்திதான்.

அவள் பெயர் சோலையம்மாள். கொத்தமங்கலத்தில் கூலிக்கு நாற்று நடுகிற கருப்பம்மாளின் மகள். பள்ளிக்கூடம் முடித்ததும் அட்டையில் ஓட்டை போடுகிற வேலைக்கு வந்தாள். அந்தக் காலத்துக் கணிப்பொறிக்கு எதைச் சொல்வதானாலும் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது என்ற கணக்கைப் போடுவது அந்தக் கணிப்பொறியின் வேலை. அதைப் பார்த்துத்தான் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டிகள் ஊர் ஊராகப் போகும்.

சோலையம்மாளுக்கு வேலை உத்தரவு எண்பத்தொன்பது நாளுக்கு வரும். தொண்ணூறாம் நாள், 'நீ இங்கே வேலையில் இல்லை' என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். தொண்ணூற்றோராம் நாள் அவள் புதிதாக வந்து சேர வேண்டும். விடாமல் வைத்திருந்தால் நிரந்தரம் கேட்டுவிடுவாள் என்று இந்த ஏற்பாடு. மூன்றரை வருஷத்தில் பதினாலு தடவை வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொல்வார்கள், எழுதுவாள்.

நிரந்தரம் ஆக வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அப்போதுதான் நாடா வந்தது.

கணிப்பொறிக்கு உள்ளே ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கட்டட வேலையில் மேஸ்திரி இருப்பாரே, அதுதான். யார் வேலையை முதலில் பார்ப்பது, எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று ஏவுகிற எழுத்து. நிலையத்துக் கணிப்பொறியோடு வந்த மேஸ்திரி சரியில்லை. பாதி வேலையில் படுத்துவிடும். அந்தச் சமயத்தில் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில் ஒன்பது பேர் சேர்ந்து நல்ல மேஸ்திரி ஒன்றை எழுதி, அந்த எழுத்து முழுவதையும் காந்த நாடாவில் பதிந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடவே நாலு வரிக் கடிதம். 'எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடுங்கள். தலைப்பில் இருக்கும் எங்கள் ஒன்பது பேர் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.'

நிர்வாக அதிகாரி உடையப்பன் நாடாச் சுருளைப் பதிவேட்டில் ஏற்ற உட்கார்ந்தார்.

"வெல எவ்வளவு?"

"சும்மா அனுப்பியிருக்காகங்க" என்றாள் சோலையம்மாள்.

"சும்மான்னு எழுதப் பதிவேட்டுல கட்டம் இல்லத்தா. சும்மா குடுக்கிறாகன்னா ஒண்ணு அது கெட்டுப்போன சாமானா இருக்கணும், இல்ல களவு போன சாமானா இருக்கணும். ரெண்டுல எதுன்னு எழுதட்டும்?"

இயந்திரமா, எழுதுபொருளா, புத்தகமா என்று நாலு மாதம் கோப்பு சுற்றியது. உள்ளே எழுத்து இருப்பதால் புத்தகம் என்று முடிவாகி நூலகத்துக்குப் போனது. புத்தகம் என்றால் முதல் பக்கத்திலும் முப்பத்துமூன்றாம் பக்கத்திலும் முத்திரை குத்த வேண்டும் என்பது நூலக விதி. இரண்டாயிரத்து நானூறு அடி நாடாவில் முப்பத்துமூன்றாம் பக்கம் எது? சோலையம்மாள் நூலகரிடம் கெஞ்சி, எழுத்து ஏதும் பதியாத முன்பகுதியில் இரண்டு முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தவைத்தாள். இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நாடாவில் இருந்ததை அச்சடித்துப் பார்த்தபோது தாள் ஒரு முழங்கால் உயரம் வந்தது. டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பது மாதத்தில் அந்த மேஸ்திரி நிலையத்துக் கணிப்பொறியில் ஓட ஆரம்பித்தது.

அது பிறந்த ஊரில் கரண்டு போகாது போலிருக்கிறது. போனால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. காரைக்குடியில் ஒரு நாளைக்கு நாலு தடவை போகும். ஒன்பது நாள் ஓடவேண்டிய தண்ணீர்க் கணக்கு எட்டாம் நாளில் பாழாகும். அதனால் சோலையம்மாள் தன் கையால் ஒரு பகுதி எழுதிச் சேர்த்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நடந்ததை வட்டில் குறித்துவை. கரண்டு வந்ததும், 'விட்டதிலிருந்து தொடரட்டுமா?' என்று கேள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கணக்கு பாழாகவில்லை.

இயக்குநர் டாக்டர் சேதுபதி இதைக் கண்டுபிடித்தது தற்செயலாக. நிலையத்தில் குளிர்சாதனம் இருந்தது கணிப்பொறி அறையில் மட்டும்தான். ஆகவே எல்லாக் கூட்டமும் அங்கேதான் நடக்கும். கணிப்பொறி சத்தம் போட்டால் நிறுத்தச் சொல்லிவிட்டு நடத்துவார்கள். ஒரு கூட்டத்தின் நடுவில் கரண்டு போய் வந்தது. கணிப்பொறி தானாக எழுந்து, கேள்வி கேட்டு, சோலையம்மாள் பதில் சொன்னதும் வேலையைத் தொடர்ந்தது.

"இதை யார் செஞ்சது?"

"நாந்தேங்க சார்."

"தனிமனிதப் பெருமை கூடாதும்மா. நிலையம் செஞ்சதுன்னு சொல்லணும்" என்றார் சேதுபதி. மறுவாரம், தென்னகக் கணிப்பொறி நிலையம் சொந்தமாகப் புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றை உருவாக்கிவிட்டது என்று டெல்லிக்குக் கடிதம் போனது.

கடிதம் போன பிறகுதான் சங்கடம் தெரிந்தது. சொந்தம் என்று எழுதியாகிவிட்டது. தலைப்பில் ஒன்பது வெள்ளைக்காரப் பெயர் இருக்கிறது. எடுத்தால் அந்த நாலு வரிக் கடிதத்துக்குத் துரோகம். எடுக்காவிட்டால் டெல்லிக்குப் பொய். மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் நிலையத்தின் சட்ட ஆலோசகர் கண்ணைத் திறந்தார். அவர் குளிருக்காக மட்டும் வருகிறவர் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"இதுக்கு ஏன் இம்புட்டு ரோசன பண்றீக? நம்ம பக்கத்துப் பெரிய வீடுகள்ல வாரிசு இல்லைன்னா என்ன செய்யிறாக? பிள்ள கூட்டிக்கிறாக. ஒரே கோயிலச் சேந்த பிள்ளையாப் பாத்து, பெத்தவுக கையால வாங்கி, மஞ்சத்தண்ணி குடிக்க வச்சு, புதுப்பேரு வச்சு எழுதிக்கிட்டா, அன்னையோட அது இந்த வீட்டுப் பிள்ள. பழைய தகப்பன் பேரு எங்க போச்சுன்னு யாராச்சும் கேக்குறாகளா?"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நிலையத்தில் யாருக்கும் சட்டமும் தெரியாது, அந்தச் சடங்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னதால் எதிர்க்க ஆளில்லை.

"ஒரே கோயிலாச்சே, அதுக்கென்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டார். பல்கலைக்கழகத்துக் கடிதத்தின் தலைப்பில் மணிக்கூண்டுப் படம் இருந்தது. நிலையத்தின் கடிதத் தலைப்பில் குன்றக்குடி மலை. இரண்டும் உயரமானவை, ஒரே கோயிலாக வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதினார்கள்.

பெற்றவர் கையால் வாங்க வேண்டுமே. ஒன்பது பேருக்கும் விமான டிக்கெட் என்றால் டெல்லி ஒத்துக்கொள்ளாது. "பெத்தவுக வராட்டி வளத்தவுக குடுக்கலாம்" என்றார் சட்ட ஆலோசகர். வளர்த்தது யார் என்று தேடினார்கள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

உடையப்பன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

"குடுக்கிறவ எடத்துல நீ உக்காருத்தா. தட்டோட எடுத்து டைரக்டர் கையில குடுத்துட்டு ஒரு கையெழுத்து. அன்னைக்கே ஒனக்கு நிரந்தர ஆர்டர்."

"நெசமாவா சார்?"

"எழுத்துல தாரேன்."

எழுத்தில் தந்தார். டைப் அடித்தது புஷ்பவள்ளி. அவளும் சோலையம்மாளும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்.

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பிள்ளையத் தத்துக் குடுக்கிறவ ஒலகத்துலேயே நீ ஒருத்திதேன்டி" என்றாள் புஷ்பவள்ளி.

"குடுத்துட்டுப் போறேன். அங்கிட்டு குடுத்தா இங்கிட்டு ஆர்டர்."

"ஒங்க ஆத்தா என்ன சொல்லுச்சு?"

"நிரந்தரம்னா மழைக்காலத்துலயும் சம்பளம் உண்டான்னு கேட்டுச்சு. உண்டுன்னேன். அப்பக் குடுத்துருன்னுச்சு."

நல்ல நாள் பார்த்தார்கள். வாசலில் வாழைமரம். கூடத்தில் இயக்குநருக்கும் அதிகாரிகளுக்கும் ஜமுக்காளம். சோலையம்மாளுக்குத் தள்ளி ஓர் ஓலைப்பாய். கொடுக்கிறவர் தனியாக உட்காருவதுதான் மரபு என்றார்கள். எந்த மரபு என்று அவளும் கேட்கவில்லை. வெள்ளித்தட்டில் நாடாச் சுருளை வைத்து, சந்தனம் பூசப் போனவரின் கையைப் பிடித்துத் தடுத்தாள். நாடா குடிக்காது என்பதால் மஞ்சள் நீரை மூன்று சொட்டுத் தெளிக்கலாம் என்று குழு முடிவு செய்திருந்தது. அவள் கடைசி நொடியில் பிளாஸ்டிக் மூடியைச் சுருள்மேல் போட்டாள். சொட்டு மூடியில் விழுந்தது. அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள்.

சேதுபதி பேசினார்.

"பெரியோர்களே, இந்தப் பிள்ளை இனி முழுக்க முழுக்க நம்முடையது. இதற்குள் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை. சொந்தப் பிள்ளையின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிற தகப்பன் உண்டா? பதினொரு கல்லூரிகள் இதன் நகல் கேட்டு எழுதியிருக்கின்றன. பிள்ளையை நகலெடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் மண்ணில் இல்லை என்று பதில் எழுதிவிட்டோம். ஒன்பது பேர் செய்ததை நாம் பதினெட்டுப் பேர் செய்திருக்கிறோம். இரண்டு மடங்கு உழைப்பு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?"

பதினெட்டு என்பது அதிகாரிகள். ஒன்பது பெயரை எடுத்துவிட்டு, பணிமூப்பு வரிசையில், பட்டம் பதவியோடு பதினெட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். கணிப்பொறி எழுந்ததும் முதலில் அந்தப் பெயர்களை அச்சடிக்கும். நொடிக்குப் பத்து எழுத்து. மூன்று நிமிஷம் ஆகும். கணிப்பொறியின் நினைவகம் சின்னது. பெயர்களுக்கு இடம் போதாமல், சோலையம்மாள்தான் அங்கே இங்கே நெருக்கி உட்காரவைத்தாள்.

பத்திரம் பதினோரு பக்கம். அவள் முதல் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இட்டிலி ஆறுது, கையெழுத்தப் போடுத்தா" என்றார் உடையப்பன். விருந்தாளிகளோடு சேர்த்து எண்பது பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டாள்.

மறுநாள் காலையில் நிரந்தர உத்தரவு வந்தது. சொன்னபடி வந்தது. அவளை நிரந்தரமாக வாசல் பதிவேட்டுக்குப் போட்டிருந்தார்கள். வருகிறவர் பெயர், வந்த நேரம், போன நேரம்.

"சார், நான் மிஷின் ரூமுல்ல?"

"ஒம்பதாம் பக்கத்தப் பாரு. கொடுத்தவருக்கும் பிள்ளைக்கும் இன்றுமுதல் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளை இருக்கும் அறைக்குள் கொடுத்தவர் காலெடுத்து வைக்கலாகாது. நீதானத்தா கையெழுத்துப் போட்ட? பெத்தவுக அடிக்கடி வந்து எட்டிப்பாத்தா பிள்ள எப்பிடி இந்த வீட்டுல ஒட்டும்?"

அவள் வாசலில் உட்கார்ந்தாள். கரண்டு போகும், வரும். உள்ளே டப டப டப என்று பதினெட்டுப் பெயர் அச்சாவது கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. கணிப்பொறி கேள்வி கேட்டுவிட்டு, யாராவது பதில் சொல்லக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சம்பளம் சரியாக வந்தது.

நாற்பத்துமூன்றாம் நாள் டெல்லியிலிருந்து அதிகாரி வந்தார். சோலையம்மாள் பதிவேட்டில் அவர் பெயரை எழுதினாள். அவர் உள்ளே போன பத்தாம் நிமிஷம் கரண்டு போய் வந்தது. பெயர்கள் அச்சாகி முடிந்தன. டெல்லிக்காரர், அடுத்து என்ன என்று கேட்டார். பதினெட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உடையப்பன் வாசலுக்கு ஓடிவந்தார்.

"ஏத்தா, என்னமோ கேக்குது. வந்து பதில் சொல்லு."

அவள் எழுந்து ஓடினாள். நிலைப்படியில் சட்ட ஆலோசகர் கையை நீட்டி மறித்தார்.

"காலெடுத்து வைக்கப்படாது. பத்திரம் இருக்கு. கதவச் சாத்துங்க. வெளிய நின்னே சொல்லட்டும்."

கதவைச் சாத்தினார்கள். உள்ளிருந்து உடையப்பன் கணிப்பொறியின் கேள்வியை ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினார். அவள் பாதியிலேயே, "ஆமான்னு அடிங்க சார். இங்கிலீசு ஒய் எழுத்து. பெறகு வலது ஓரத்துப் பெரிய பொத்தான்" என்றாள். கணிப்பொறி ஓட ஆரம்பித்த சத்தம் கதவைத் தாண்டி வந்தது. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

டெல்லிக்காரருக்கு ரொம்பத் திருப்தி. மாதாமாதம் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சோலையம்மாளுக்குக் குறிப்பாணை. 'உறவு இல்லை என்று எழுதிக்கொடுத்த பின்னும், கேள்வியை முழுதாகக் கேட்குமுன்பே பதில் சொன்னதால், உறவு தொடர்வது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. விளக்கம் தருக.' அவள் விளக்கம் எழுதுவதற்குள் அடுத்த கூட்டம் கூடிவிட்டது. டெல்லிக்காரர் மாதாமாதம் வருவார். இவள் உள்ளே இல்லாமல் முடியாது. பத்திரப்படி உள்ளே வரவும் முடியாது.

சட்ட ஆலோசகர் மறுபடி கண்ணைத் திறந்தார்.

"உறவு யாருக்கு உண்டு? ஆளுக்குத்தான் உண்டு. நிரந்தரப் பணியாளர் ஒரு ஆள். தற்காலிகம்னா நம்ம விதிப்படி ஆளே இல்ல. எண்பத்தொம்பது நாளைக்கு ஒரு வேல, அம்புட்டுத்தேன். அவள மறுபடி தற்காலிகம் ஆக்கிட்டா ஒறவு அறுந்துபோகும். தாராளமா உள்ள வரலாம்."

இதற்கும் கைதட்டினார்கள். நிரந்தரத்தை ரத்துசெய்த உத்தரவை அடிக்கும்போது புஷ்பவள்ளி மூன்று தாளைக் கிழித்துப்போட்டாள். நான்காவது தாளைக் கொண்டுவந்து நீட்டி, "வேணாம்டி. வாசல்லயே இரு. ஆத்தாவுக்கு மழைக்காலத்துக்கு ஆகும்" என்றாள்.

சோலையம்மாள் தாளை வாங்கினாள். "தண்ணிக்கணக்கு நின்னு நின்னு எட்டு நாளு ஓட்டம் முடிச்சிருக்கு. இன்னும் ஒரு நாளு இருக்கு. நடுவுல கரண்டு போச்சுன்னா இவுகளுக்கு என்னடி தெரியும்?"

புதிதாகச் சேருகிற படிவத்தில், முன் அனுபவம் இல்லை என்று எழுதினாள்.

உள்ளே போனதும் முதல் வேலையை உடையப்பன் கொண்டுவந்தார். துணை இயக்குநர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பத்தொன்பதாவதாக அவர் பெயரையும் சேர்க்க வேண்டும்.

"எடம் இல்லங்க சார். எதையாச்சும் எடுத்தாத்தேன் சேரும். பட்டங்கள எடுத்துட்டுப் பேர மட்டும் விடலாம்."

"பட்டத்த எடுக்கவா? நல்லாருக்கு. யாரு பேரும் இல்லாத பகுதி எதுவும் இருந்தா அதை எடு."

"பேரு இல்லாதது ஒண்ணே ஒண்ணுதேன் சார் இருக்கு. கரண்டு போனா பாத்துக்கிற பகுதி."

"அதை எழுதுனது யாரு?"

"நாந்தேன்."

"எந்த எண்பத்தொம்பது நாள்ல எழுதுன?"

அவள் யோசித்தாள். "பதினெட்டாவதுல ஆரம்பிச்சேன் சார். பத்தொம்பதாவதுல முடிச்சேன்."

"நடுவுல ஒரு நாள் நீ இங்க வேலையில இல்ல. அப்ப ஆரம்பிச்சது ஒருத்தி, முடிச்சது வேற ஒருத்தி. ரெண்டு பேருமே இப்ப இங்க இல்ல. எழுதினவர் தெரியவில்லைன்னு குறிச்சுக்கிட்டு எடுத்துரு."

"கணக்கு நாளைக்கு முடிஞ்சிரும் சார். முடியட்டும். அதுக்குப் பெறகு எடுக்கிறேன்."

"துணை இயக்குநர் இன்னைக்குச் சாயங்காலம் பாக்க வாராரு. நாளைக்கி ஒன்னைய வச்சுக்கிறதா வேணாமான்னு நாந்தேன் எழுதணும்."

எடுத்தாள். நாலு நிமிஷம்தான் ஆயிற்று. அன்று சாயங்காலம் துணை இயக்குநர் வந்தார்; ஓடுகிற கணக்கை நிறுத்தாமல் அவள் பெயர்ப் பட்டியலை மட்டும் அச்சடித்துக் காட்ட, தன் பெயர் அச்சாவதை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கரண்டு போகவில்லை. மறுநாள் பகல் இரண்டரைக்குப் போனது. கணக்கு முடிய ஒரு மணி நேரம் பாக்கி. மூன்று மணிக்கு வந்தது. கணிப்பொறி எழுந்து பத்தொன்பது பெயரையும் அச்சடித்தது. பிறகு எதையும் கேட்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கிராமத்துத் தண்ணீரும் அதற்குள்ளிருந்து போய்விட்டிருந்தது.

சேதுபதி எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, முந்தியெல்லாம் எழுந்ததும் தொணதொணன்னு கேள்வி கேக்கும். இப்ப எம்புட்டு அமைதியா இருக்கு" என்று துணை இயக்குநரிடம் சொன்னார். இருவரும் குளிருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

ஆழ்துளைக் கிணறு வண்டிகள் திங்கட்கிழமை புறப்படுகின்றன. கணக்கு வராவிட்டால், போன வருஷம் போன ஊர்களுக்கே போகும். சோலையம்மாள் அலமாரியைத் திறந்து, முதல் கிராமத்து அட்டைக்கட்டை எடுத்துப் பிரித்து, கணிப்பொறிக்கு ஒவ்வொன்றாக ஊட்ட ஆரம்பித்தாள். எண்பத்தொன்பது நாளில் அது அவளுக்கு இரண்டாம் நாள்.